பத்தொம்பது நாள் பேரிங்

கரி பஸ் மார்க்கெட் முக்குத் திரும்புறதுக்கு முன்னாடியே சென்னிமலைக்குக் கேட்டுப்போச்சு. டொக் டொக் டொக். கையில இருந்த ஸ்பானரை அப்படியே கீழ வெச்சான். மைசூரு தேவராஜ மொஹல்லாவுல காலையில இருக்கிற சத்தம் கொஞ்சமா? ஜட்காக்காரன் ஒரு பக்கம் கத்துறான், மூட்டை தூக்குறவன் வழி விடாதவனை அப்பன் பாட்டன் வரைக்கும் இழுக்கிறான், வெத்தலை ஏலம் வேற. அத்தனைக்கும் அடியில இருந்து அந்த ஒரு சத்தம் மட்டும் வந்து அவன் காதுல இடிச்சுது.

பேரிங் போயிருச்சு. மறுபடியும் போயிருச்சு.

ஊத்திப் பத்தொம்பது நாள்தான் ஆச்சு.

பஸ் கொட்டாய்க்குள்ள வந்து, இருமி, நின்னுது. சண்டைக் காலம். பெட்ரோல் கண்ணுல காட்டமாட்டேங்கறாங்கன்னு எல்லாப் பஸ்ஸுக்கும் முதுகுல ஒரு கரி அடுப்பைக் கட்டி விட்டிருந்தாங்க. கரி புகையற ஆவியிலதான் எஞ்சின் ஓடணும். டிரைவர் மல்லப்பன் கதவை ஒதைச்சுத் திறந்து எறங்கினான். ஆறடி ஆளு, நெத்தி நிறைய விபூதிப் பட்டை, மீசையில கரித்தூள். சென்னிமலையை அவன் ஊர்ப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவான்.

"லே ராமாபுரம்! வா, உன் பிள்ளை அழுவுது. எடுத்துப் பாலு குடு."

"ஓட்டத் தெரிஞ்சவன் ஓட்டுனா அது ஏன் அழுவுது?"ன்னான் சென்னிமலை.

"ஓட்டுறவன் நானு. ஊத்துறவன் நீ. ஊத்துனது ஒட்டலைன்னா நான் என்ன, எச்சில் தொட்டு ஒட்டுறதா? மூணு தடவை ஆய்த்து. மூணு தடவையும் நடு ரோட்டுல ஜனங்க என் மூஞ்சியிலதான் துப்புறாங்க."

"சரியாத்தான் துப்பியிருக்காங்க."

கண்டக்டர் ரத்தினசாமி நடுவுல வந்து ரெண்டு பேரையும் தள்ளிவிட்டான். இல்லைன்னா அன்னிக்கே கை கலந்திருக்கும். ஒரே கொட்டாயில வேலை பார்த்துக்கிட்டு, மூணு மாசமா ஒருத்தன் குடிச்ச பானையில இன்னொருத்தன் தண்ணி குடிக்கமாட்டான். அப்படி ஒரு பகை.

எதுக்கு இத்தனை கோபம்னா, அந்தப் பேரிங்தான் சென்னிமலையோட பேரு. அந்த எஞ்சின்ல பேரிங்னா குண்டு உருளுற சமாச்சாரம் இல்ல. கிராங்குத் தண்டைப் பிடிச்சு ஆட்டுற ராடு இருக்கே, அதோட கழுத்துக்குள்ள வெள்ளை உலோகத்தை உருக்கி ஊத்தணும். ஆறினதும் தண்டுல நீலச்சாயம் பூசி, வெச்சுச் சுத்திப் பார்த்து, நீலம் ஒட்டுற மேட்டை மட்டும் சுரண்டி எடுக்கணும். மறுபடி நீலம், மறுபடி சுரண்டல். தண்டுக்கும் உலோகத்துக்கும் நடுவுல எண்ணெய் மட்டும்தான் போய்வரணும். ஒரு மயிரிழை தேஞ்சாலும் டொக்குன்னு சொல்லிரும். மைசூருல இந்த வேலை தெரிஞ்சவன் நாலு பேரு. அந்த நாலுல தான்தான் மொதல்ன்னு சென்னிமலை நினைச்சிருந்தான், ஊர்லயும் அப்படித்தான் சொல்லி வெச்சிருந்தான். நிலத்தை விட்டுட்டு ஓடினவன்னு கேலி பண்ணின அண்ணன் தம்பிககிட்ட, 'நான் ஊத்தலைன்னா மைசூருல பஸ்ஸு நகராது'ன்னு மார்தட்டிட்டு வந்தவன். இந்தக் கொட்டாயும் அவனைத் தொரத்திவிட்டா ராமாபுரத்துக்குப் போய் அந்த மூஞ்சிககிட்டத்தான் நிக்கணும்.

முதலாளி செலுவநாராயணன் வந்தார். மேல்கோட்டைக்காரர், பளிச்சுன்னு நாமம், குடை எப்பவும் கக்கத்துல. அவரைப் பார்த்தா ரெண்டு பேரும் வாயை மூடிக்குவாங்க. ஆனா கண்ணை மூடமாட்டாங்க.

"என்னடா, மறுபடியும் ஒப்பாரியா?"

"சாமி, இவன் மெட்டல் ஊத்தறதே தப்பு,"ன்னான் மல்லப்பன். "சூடு பத்தாம ஊத்தறான். தோலு மாதிரி உரிஞ்சு வருது."

"உரிஞ்சு வந்துதுன்னா என்ற கையை வெட்டிக்கிறனுங்க,"ன்னான் சென்னிமலை. "தூசிங்க. கரியாவி வர்ற வழியில சல்லடைப் பெட்டி இருக்குதுங்கல்ல, அதுல தேங்காய் நாரை மூணு நாளைக்கு ஒருக்கா மாத்தோணும். இவன் மாத்தறதில்லீங்க. சாம்பலு நேரா எஞ்சினுக்குள்ள போயி, எண்ணெயில கலந்து, பேரிங்கை அரம் போட்டாப்புல தின்னுபோடுது."

முதலாளி ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நாளைக்குக் காலம்பற என் கண்ணு முன்னாடி பிரி. உலோகம் உரிஞ்சிருந்தா நீ வெளியில போ. சாம்பல்னா இவன் வெளியில போகட்டும். வர்ற அமாவாசைக்கு மாதேசுவரன் மலைக்குப் போற ஜனம் கொள்ளேகாலத்துக்குச் சீட்டு வாங்கிடுத்து. எனக்கு வண்டி வேணும். உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் வேண்டாம்."

மறுநாள் காலையில எஞ்சினுக்கு அடியில ஒரு சாக்கை விரிச்சு சென்னிமலை படுத்தான். வெளியில சொல்லலையே தவிர அவனுக்கும் உள்ளுக்குள்ள ஒரு பயம் இருந்துச்சு. உலோகம் பதமா உருகியிருக்கான்னு பார்க்க வெளக்கமாத்துக் குச்சியை முக்குவான். குச்சி பழுப்பாக் கருகினா பதம். போன தடவை மழை ஈரம், குச்சி சரியாக் கருகலையோன்னு ஒரு சந்தேகம். அதை இத்தனை நாளா முழுங்கி வெச்சிருந்தான்.

எண்ணெய்த் தொட்டியைக் கழட்டி, மூடியைப் பிரிச்சு, மொதல் பேரிங்கை எடுத்துத் துணியால துடைச்சான். மூச்சு வந்துச்சு. உரியலை. ஆறையும் கழட்டி ஒரு பலகையில வரிசையா வெச்சான். ஆறும் ஒரே மாதிரி. உள்பக்கம் பூராவும் சுத்திச் சுத்தி மெல்லிசாக் கோடு. ஊசியால கிழிச்ச மாதிரி.

"பாருங்க சாமி. நல்லா வெளிச்சத்துல பாருங்க. எண்ணெய் இல்லாமப் போனா உருகி இழுத்திருக்கும். ஊத்தினது தப்புன்னா பொருக்குப் பொருக்கா உரிஞ்சிருக்கும். இது ரெண்டும் இல்லீங்க. இது தூசி. தண்டுலயும் அதே கோடு. ஏனுங்க மல்லப்பரே, இப்ப எச்சில் தொட்டு ஒட்டுறீங்களா?"

மல்லப்பன் கோபப்படலை. அதுதான் சென்னிமலைக்கு மொதல்ல உறைச்சுது. அவன் சிரிச்சான். நேரா பஸ்ஸுக்குப் பின்னாடி போனான், சல்லடைப் பெட்டியை மடார்னு திறந்தான், உள்ள கையை விட்டு நாரை வாரி எடுத்துட்டு வந்து முதலாளி காலடியில போட்டான். நார் மஞ்சளா, புதுசா, எண்ணெய் தோய்ச்சு இருந்துச்சு. அதுல கரி பிடிச்சிருந்தது வெளித்தோல்ல மட்டும்.

"மூணு நாளுக்கு ஒருக்கா இல்ல சாமி. தினமும் மாத்தறேன். இவன் வாயிலிருந்து என் பேரு வரக்கூடாதுன்னே தினமும் மாத்தறேன். ரத்தினசாமியைக் கேளுங்க. இவன் மேல சத்தியமா, பகையிலயே மாத்தறேன்!"

ரத்தினசாமி தலையைத் தொங்கப்போட்டுக்கிட்டு, "ஆமாங்க, மாத்தறான்,"ன்னான்.

"அப்புறம் தூசி எங்கேர்ந்துடா வந்துது? ஆகாசத்துலேர்ந்தா?"ன்னார் முதலாளி. அவர் குடையால தரையில ஒரு குத்துக் குத்தினார். "அமாவாசைக்கு இன்னும் நாலு நாள். இன்னொரு தடவை ஊத்து. அதுவும் தட்டித்துன்னா இங்கேர்ந்து கொள்ளேகாலம் வரைக்கும் எந்தக் கொட்டாயிலயும் உன்னைச் சேர்க்காதபடி நானே சொல்லிடுவேன்."

போகும்போது மல்லப்பன் பலகையை ஒரு ஒதை விட்டான். ஆறு பேரிங்கும் உருண்டு புழுதியில கிடந்துச்சு.

மத்தியானம் கொட்டாயில யாரும் இல்ல. சென்னிமலை எண்ணெய்த் தொட்டியைக் கழுவ உட்கார்ந்தான். மேல கறுப்பு எண்ணெய். அதைச் சாய்ச்சு ஊத்தினதும் அடியில ஒரு சேறு. அவன் அதைத்தான் வெறிச்சுப் பார்த்தான். கரித்தூசின்னா கறுப்பா இருக்கணும். இந்தச் சேறு வெளுப்பா இருந்துச்சு, சாம்பல் பூத்த மாதிரி. விரல்ல எடுத்தான். வழவழன்னு இருந்துச்சு. நகத்துக்கு நடுவுல வெச்சுத் தேச்சான். நறநறன்னுச்சு.

கொஞ்சத்தை ஒரு தகரத்துல போட்டு, சீமெண்ணெய் விட்டு அலசி, அடுப்புமேல காயவெச்சான். காயக் காய அது வெள்ளையாச்சு. மாவு மாதிரி. அந்த வெள்ளையை அவனுக்குத் தெரியும். தினமும் காலையில மூணு விரல்ல எடுக்கற வெள்ளை.

ராமாபுரத்துல இருக்கிற அவன் சம்சாரம் தேவம்மா மாதேசுவரன் மலைத் திருநீறை வாங்கி அவனுக்கு அனுப்புவாள். கொள்ளேகாலத்துப் பீடிக்கடையில வெச்சுட்டுப் போவாள், இதே பஸ்ஸுல ரத்தினசாமி கையில வந்து சேரும். நெத்திக்குப் பூசுவான். பேரிங் ஊத்தி எஞ்சினை மூடினதும், எண்ணெய் ஊத்துற துவாரத்துல ஒரு சிட்டிகை போட்டுட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணச் சொல்லுவான். அவன் ஊர்ல புது வண்டி பூட்டினா அச்சுக்குத் திருநீறு வெக்காம ஒருத்தனும் நுகத்தடியைத் தொடமாட்டான். இது அதைவிடப் பெரிய வண்டி. அதோட அச்சு உள்ள இருக்குது. அவ்வளவுதான் அவன் நினைச்சது.

அவன் தகரத்தைக் கையில வெச்சுக்கிட்டே விரல் மடக்கினான். மொதல் தடவை ஒரு சிட்டிகை. பேரிங் அஞ்சு மாசம் ஓடுச்சு. அது போனதும், சாமிக்குக் குறை வெச்சுட்டமோன்னு ரெண்டாந் தடவை ஒரு உள்ளங்கை போட்டான். ரெண்டு மாசம். மூணாந் தடவை தேவம்மாளுக்குக் காயிதம் எழுதி, பெரிய பொட்டணமா வரவழைச்சு, ரெண்டு கை போட்டான். அப்புறம் எண்ணெய் குறைஞ்சு ஊத்தும்போதெல்லாம் ஒரு கை.

பத்தொம்பது நாள்.

அப்பவும் அவன் மனசு ஒத்துக்கலை. பெட்டியைத் திறந்து பொட்டணத்தைப் பிரிச்சான். கொஞ்சம் திருநீறை எண்ணெயில குழைச்சு, பளபளன்னு இருந்த ஒரு உலோகத் துண்டுல வெச்சுக் கட்டைவிரலால தேச்சான். நூறு தேய்ப்பு எண்ணினான். துடைச்சுப் பார்த்தா பளபளப்பு செத்துப்போயிருந்துச்சு. மெல்லிசு மெல்லிசாக் கோடு.

சாம்பலு தின்னுபோடுதுன்னு ஊரைக் கூட்டிக் கத்தினவன் அவன்தான். கரின்னா சாம்பல், மண்ணுன்னா மண்ணு. இதுவும் சாம்பல்தான்னு அவனுக்கு ஒருநாளும் தோணினதில்லை. இது சாமி இல்லையா?

அவன் யாருகிட்டயும் சொல்லலை. சொல்லவேண்டிய அவசியம் என்ன? இனிமே போடலைன்னா சரியாப்போச்சு. மூணு நாள் ராப்பகல் பார்க்காம வேலை பார்த்தான். தண்டை எமரித் துணியால வழிச்சான். குச்சி நல்லாப் பழுப்பாக் கருகுற வரைக்கும் காத்திருந்து ஊத்தினான். நீலம் பூசினான், சுரண்டினான், மறுபடி பூசினான். கடைசிப் பேரிங்ல நீலம் உள்பக்கம் பூராவும் சமமா, பொட்டுப் பொட்டா ஒட்டினப்போ அவனுக்கே கொஞ்சம் கர்வமா இருந்துச்சு. ஜென்மத்துல அப்படி ஒரு வேலை செஞ்சதில்லை. எண்ணெய் ஊத்துற துவாரத்தைத் துணி போட்டு மூடி வெச்சான்.

அமாவாசைக்கு முந்தின நாள் காலை. ஜனம் மூட்டையும் மொடாவுமா வந்து கொட்டாய் வாசல்ல நின்னுச்சு. கரி அடுப்பு சூடேறிக்கிட்டிருந்துச்சு. முதலாளி குடையோட தள்ளி நின்னார். சென்னிமலை புது எண்ணெயை ஊத்தி மூடியை எடுத்தான். ஒரு கை அவன் மணிக்கட்டைப் பிடிச்சுது.

"சாமி விஷயம் எங்கே?"ன்னான் மல்லப்பன்.

"என்ன சாமி விஷயம்?"

"விபூதி. நீ போடுவியே. நான் பார்த்திருக்கேன். மூணு தடவையும் பார்த்தேன்." மல்லப்பன் குரல் தணிஞ்சுது. "உன்கிட்ட எனக்குப் பிடிச்சது அந்த ஒண்ணுதான். இன்னிக்கு என் மாதேசுவரன், என் மாதப்பன் சன்னதிக்கு ஜனத்தை ஏத்திட்டுப் போறேன். இன்னிக்கு ஏன் போடலை?"

"மறந்துபோச்சு. வுடு. நேரமாச்சு."

"பொய் சொல்றே. மறக்கிற விஷயமா இது? பரவாயில்ல, நானே போடறேன்." மடியிலிருந்து ஒரு பித்தளைச் சிமிழை எடுத்துத் திறந்தான் மல்லப்பன். வாய் வரைக்கும் திருநீறு.

அந்த நிமிஷம் சென்னிமலைக்கு எல்லாம் தெளிவாத் தெரிஞ்சுது. போட்டா போடட்டும். இவன் கையாலயே போடட்டும். இன்னும் இருபது நாள்ல பேரிங் தட்டும். அப்போ தொட்டியைக் கழட்டி, வெள்ளைச் சேத்தை எடுத்து முதலாளி மூக்குக்கு நேரா நீட்டி, 'போட்டவன் யாருன்னு ஜனத்தைக் கேளுங்க'ன்னு சொல்லலாம். நாற்பது பேர் பார்த்துக்கிட்டிருக்காங்க. மல்லப்பன் தொலைஞ்சான். வாயைத் திறக்காம நின்னாப் போதும்.

சிமிழ் துவாரத்துக்கிட்டப் போச்சு. அவன் கண்ணுக்குள்ள அந்தக் கடைசிப் பேரிங் வந்துச்சு. பொட்டுப் பொட்டா, சமமா, நீலம்.

"போடாதே!" அவன் உள்ளங்கையை வெச்சுத் துவாரத்தை அடைச்சான். திருநீறு அவன் புறங்கையில கொட்டுச்சு. "வெளிய பூசு. எங்க வேணாலும் பூசு. உள்ள வேண்டாம். அதுதான் தின்னுச்சு."

"எது தின்னுச்சு?"

"அதுதான். மூணு தடவையும். நான் போட்டதுதான் பேரிங்கைத் தின்னுச்சு."

மல்லப்பன் விட்டான் ஒரு அறை. சென்னிமலை ரேடியேட்டர்ல போய் மோதினான்.

"உனக்கு ஊத்தத் தெரியலை, பழியை என் மாதப்பன் மேல போடறியா? லே, கையில்லாதவனே! மூணு மாசம் என்னைத் தூசி தூசின்னு நாறடிச்சே. இப்ப சாமியா?"

"பழி இல்லடா. சாமி சாமிதான். அதுக்கு நெத்தி இருக்குது. எஞ்சினுக்கு எதுக்கு? நான் பண்ணுனதுதான் தப்பு. தேச்சுப் பார்த்துட்டேன்."

செலுவநாராயணன் கிட்ட வந்தார். அவர் மூஞ்சி செவந்திருந்துது. சென்னிமலை, பேரிங்கைக் கெடுத்ததுக்குத் திட்டப்போறார்னு நினைச்சான்.

"விபூதியா? என் வண்டிக்குள்ள? தினம் பெருமாளுக்குத் துளசி சாத்திட்டு இந்த வண்டியைத் தொட்டுக் கும்பிட்டிண்டு வரேன். அதோட வயித்துக்குள்ள நீ விபூதியைப் போட்டு வெச்சிருக்கே? இத்தனை மாசமா?"

"சாமி, பேரிங்..."

"பேரிங் கிடக்கட்டும்டா! பெட்டியைத் தூக்கு. இந்த நிமிஷமே. இனிமே இந்த மொஹல்லாவுல உன் நிழலைப் பார்க்கப்படாது."

வாசல்ல நின்ன ஜனம் 'வண்டி போகுமா போகாதா'ன்னு சத்தம் போட ஆரம்பிச்சுது. மல்லப்பன் சிமிழை மூடி மடியில சொருகினான். மூச்சு இன்னும் வாங்கிக்கிட்டிருந்துச்சு.

"போகும். விபூதி இல்லாமலே போகும். இவன் சொன்னது பொய்யின்னு மாதப்பனே காட்டட்டும்." சென்னிமலை பக்கம் திரும்பினான். "நீயும் ஏறு. பின்னாடி சீட்டுல இல்ல, என் காலுக்குப் பக்கத்துல உட்காரு. எந்த இடத்துல தட்டுதோ அந்த இடத்துல உன்னை எறக்கி, ஜனத்தைவிட்டே அடிக்கச் சொல்றேன்."

மூடியைத் திருகினது சென்னிமலை. முடுக்கினது மல்லப்பன். எஞ்சின் ரெண்டு தடவை இருமிட்டுப் பிடிச்சுக்கிச்சு.

நரசிபுரம் வரைக்கும் பெட்டியை மடியில வெச்சுக்கிட்டு சென்னிமலை பலகையில கால் பதிச்சு உட்கார்ந்திருந்தான். காதால கேட்கலை, உள்ளங்காலால கேட்டான். மல்லப்பனும் கேட்டுக்கிட்டுதான் இருந்தான். அது அவன் கழுத்து நிக்கிற நிலையிலயே தெரிஞ்சுது. ரெண்டு ஆறும் சேருற பாலத்தைத் தாண்டினதும் வேணும்னே வண்டியை விரட்டினான். மூகூர் பக்கம் ஏத்தத்துல கியரை மாத்தாம முக்கவிட்டான். எஞ்சின் திணறுச்சு, புகைஞ்சுது, பெண்ணுங்க சாமி பேரைச் சொல்லிக் கத்தினாங்க. சென்னிமலைக்குப் பல்லு கூசுச்சு. என்ற பேரிங்கை என் கண்ணு முன்னாடியே கொல்லப் பாக்கறானே பாவின்னு நினைச்சான்.

தட்டலை.

சமஸ்தானத்து எல்லையைத் தாண்டி வண்டி கொள்ளேகாலத்துல போய் நின்னுது. ஜனம் எறங்குச்சு. மல்லப்பன் எஞ்சினை அணைக்கலை. குனிஞ்சு, ஒரு நீளத் திருப்புளியை எஞ்சின்மேல ஊனி, கைப்பிடியைக் காதுல வெச்சுக் கேட்டான். வெகுநேரம் கேட்டான். இடம் மாத்தி மாத்தி ஆறு இடத்துலயும் கேட்டான். அப்புறம் திருப்புளியை எடுத்துப் பெட்டிமேல எறிஞ்சான்.

"தட்டலை,"ன்னான் சென்னிமலை.

"எனக்குக் காது இருக்கு."

"முதலாளிகிட்டச் சொல்லுவியா?"

மல்லப்பன் அவனை மேலிருந்து கீழ வரைக்கும் பார்த்தான். "எதுக்குச் சொல்லணும்? இது தட்டாத வரைக்கும் நான் நல்ல டிரைவரு. நாளைக்குத் தட்டுச்சுன்னா நீ கெட்ட மேஸ்திரி. எறங்கு." சிமிழைத் திறந்து மூணு விரல்ல எடுத்து ரேடியேட்டர் மேல வெளிப்பக்கமாப் பட்டையா இழுத்தான். எண்ணெய் மூடிப் பக்கம் கையைக் கொண்டுபோகலை. சென்னிமலை அதைப் பார்த்தான். அவன் பார்த்ததை மல்லப்பனும் பார்த்தான், காறித் தரையில துப்பினான்.

சென்னிமலை பெட்டியைத் தோள்ல ஏத்திக்கிட்டு ராமாபுரத்து ரோட்டுப் பக்கம் நடந்தான். பீடிக்கடைக்காரன் கூப்பிட்டான்.

"ஏனுங்க சென்னிமலை, நீங்களே வந்துட்டீங்களா? நல்லதாப் போச்சு. ரத்தினசாமிகிட்டக் குடுத்துவுடச் சொல்லி உங்க ஊட்டுக்காரம்மா நேத்து வெச்சுட்டுப் போச்சு. போன தடவை பத்தலைன்னு எழுதியிருந்தீங்களாமே?"

கடைக்கு அடியிலிருந்து ஒரு துணி மூட்டையை ரெண்டு கையாலயும் தூக்கிப் பலகைமேல வெச்சான். வெச்ச வேகத்துல முடிச்சு வழியா வெள்ளையாப் புகைஞ்சுது. ரெண்டு படிக்குக் குறையாது.

சென்னிமலை முடிச்சை இறுக்கிக் கட்டினான். பின்னாடி, திரும்பிப் போற ஜனத்தை ஏத்திக்கிட்டு அவனோட பேரிங் மைசூரைப் பார்த்துக் கிளம்புச்சு. சத்தமே இல்லாம. அவன் மூட்டையைத் தூக்கி, இரும்புச் சாமான் இருக்கிற பெட்டியில வெக்காம, இன்னொரு தோள்ல போட்டுக்கிட்டு நடந்தான்.